நாமினி இருக்கே, அப்புறம் என்ன?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்து, வந்தவர்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். பெரும்பாலும் ஒரு சித்தப்பாவோ மாமாவோ குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "பேங்க்ல நாமினி யாரு?" யாராவது ஒரு பெயரைச் சொல்வார்கள். "அப்ப சரி, பிரச்சினை இல்ல" என்று அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பிரச்சினை இருக்கிறது என்பது ஏழெட்டு மாதம் கழித்து, வீட்டை விற்கப் போகும்போதுதான் தெரியவரும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பல வீடுகளில் பார்த்ததை ஒட்டிச் சேர்த்த குடும்பம் இது, அதனால் பெயர் வேண்டாம். கணவருக்கு 42 வயது, தனியார் கம்பெனியில் வேலை. கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு வீடு. அவருடைய சம்பாத்தியம், பத்திரமும் அவர் பெயரில் மட்டும். மனைவி, 12 வயதில் மகள், 8 வயதில் மகன். ஊரில் அப்பா, அம்மா, ஒரு அண்ணன். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய வங்கிக் கணக்கிலும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் அண்ணன்தான் நாமினி, பிறகு மாற்றவே இல்லை. உயிலும் எழுதவில்லை. 42 வயதில் யார் எழுதுகிறார்கள்? ஒரு நாள் விடியற்காலை நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான்.

நான் பார்த்த சொத்துச் சிக்கல்களில் பேராசையால் வந்தவை குறைவு. ஒரு தாளை இன்னொரு தாளாக நினைத்துக்கொண்டதால் வந்தவைதான் அதிகம். நாமினி படிவம், வாரிசு சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்று, பவர் பத்திரம் என்று நம் பீரோவில் இருக்கும் ஒவ்வொரு தாளும் ஏதோ ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். நாம் அதனிடம் வேறு கேள்வியைக் கேட்டுவிட்டு, கிடைத்த பதிலை நம்பி உட்கார்ந்திருப்போம்.

முதலில் நாமினி. வங்கி கேட்பது ஒரே கேள்வி: கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் நான் யாரிடம் பணத்தைக் கொடுத்துக் கைகழுவலாம்? அதற்கு விடைதான் நாமினி. அந்தப் பணம் யாருடையது என்று வங்கி கேட்கவும் இல்லை, படிவம் சொல்லவும் இல்லை. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டியவர். உச்ச நீதிமன்றம் இதை ஆயுள் காப்பீட்டு விஷயத்தில் 1983இல் சர்பதி தேவி வழக்கில் சொன்னது. கம்பெனிப் பங்குகளுக்கும் இதே கதைதான் என்று 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் சொன்னது. ஆக, நம் கதையில் அண்ணன் கைக்கு வரும் வங்கிப் பணம் அண்ணனுடையது ஆகாது. நல்ல அண்ணனாக இருந்தால் அன்றைக்கே தம்பி மனைவியிடம் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் அவள் வழக்குப் போட வேண்டும்.

இன்ஷூரன்ஸில் 2015இல் ஒரு திருத்தம் வந்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டிருந்தால் அவர்கள் வெறும் கைமாற்றிவிடும் ஆளாக இல்லாமல் பணத்துக்கே உரியவர்கள் ஆகிறார்கள். அண்ணன் தம்பி அந்தப் பட்டியலில் இல்லை. இந்தத் திருத்தத்துக்கும் எல்லா நீதிமன்றங்களும் ஒரே பொருள் சொல்வதில்லை. மற்ற வாரிசுகள் உரிமை கேட்டு வந்தால் வாரிசுரிமைச் சட்டம்தான் மேல் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2025இல் சொல்லியிருக்கிறது. பி.எஃப். விஷயம் இன்னும் வேடிக்கை. குடும்பம் இல்லாத காலத்தில் வேறு யாரையோ நாமினியாகப் போட்டிருந்தாலும், கல்யாணம் ஆனவுடன் அது செல்லாமல் போய்விடும், புதிதாகக் குடும்பத்தாரைப் போட வேண்டும். பி.எஃப். கணக்கில் 'குடும்பம்' என்பதில் அண்ணனுக்கு இடமில்லை. வங்கிக் கணக்குகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று ஆகியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒருவராக இருந்தாலும் நால்வராக இருந்தாலும் நாமினி நாமினிதான்.

சரி, வாரிசு யார்? இங்கேதான் பல வீடுகளில் முகம் மாறும்.

நம் குடும்பம் இந்துக் குடும்பம் என்றால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன், மகள், அம்மா. நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு. "அத்தைக்கா? அவங்க ஊர்ல இருக்காங்க, இந்த வீட்டுக்கு லோன் கட்டினது நாங்க" என்று மனைவி கேட்பாள். நியாயமான கேள்வி, ஆனால் சட்டம் லோன் கட்டியது யார் என்று பார்ப்பதில்லை. பத்திரம் யார் பெயரில், அவருக்கு யார் யார் இருந்தார்கள், அவ்வளவுதான் பார்க்கும்.

அப்பாவுக்கு? ஒன்றுமில்லை. அவர் இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவர் முறை வராது. பெற்ற இருவரில் ஒருவருக்குப் பங்கும் இன்னொருவருக்கு வெறும் கையும் என்பது எனக்கு இன்றுவரை சரியாகப் படவில்லை. இதில் ஒரு திருப்பம் வேறு உண்டு. நாளைக்கு அந்த அம்மா உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய கால் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும்: கணவர், மூத்த மகன், இறந்த மகனின் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து ஒரு பங்கு. மகன் வழியில் ஒன்றும் கிடைக்காத அப்பாவுக்கு, மனைவி வழியில் அதே வீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு வந்துவிடும். அண்ணனுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு. மருமகளுக்கு அந்தக் கால் பங்கில் எதுவும் கிடையாது. ஒரு 900 சதுர அடி வீடு இப்படித்தான் ஐந்து பேருக்குச் சொந்தமாகிறது. அப்புறம் விற்க வேண்டுமென்றால் ஐந்து பேரும் ஒரே நாளில் ஒரே ஆபீசுக்கு வர வேண்டும்.

இதே குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்திருந்தால் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பேசும். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருப்பதால் அம்மாவுக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. முஸ்லிம் குடும்பமாக இருந்திருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அம்மாவுக்கு ஆறில் ஒன்று, அப்பாவுக்கும் ஆறில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு. ஒரே தெருவில் மூன்று வீடு, ஒரே மாதிரி சாவு, மூன்று கணக்கு. வேறு மதத்தவரைக் கல்யாணம் செய்து சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டுச் சட்டம் வரும். ஆனால் இருவரும் இந்துவாக இருந்து அந்தச் சட்டத்தில் பதிந்தால் பழையபடி இந்து வாரிசுரிமைச் சட்டமேதான். இதைத் தெரியாமல் வக்கீல்களே சில சமயம் தடுமாறிப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தாள், வாரிசு சான்றிதழ். தாசில்தார் தருவது. பென்ஷன், பட்டா பெயர் மாற்றம், கம்பெனிப் பாக்கி இதற்கெல்லாம் கேட்பார்கள். இறந்தவருக்கு இன்னார் இன்னார் உறவு என்பதை மட்டும் அது சொல்லும். யாருக்கு எத்தனை பங்கு என்றும் சொல்லாது, சொத்து அவருடையதுதானா என்றும் சொல்லாது. இதோடு பெயரில் ஒட்டிக்கொண்டு இன்னொன்று இருக்கிறது, நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ். அது இறந்தவருக்கு வர வேண்டிய கடன், டெபாசிட், பங்குப் பத்திரம் போன்றவற்றை வசூலிக்க. வீட்டுக்கும் நிலத்துக்கும் அது கிடையாது. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர் வைத்தவர்கள் வாழ்க. "வாரிசு சர்ட்டிபிகேட் கொண்டு வாங்க" என்று கவுன்டரில் சொல்வார்கள், எது என்று சொல்ல மாட்டார்கள். தாசில்தாருடையதா, கோர்ட்டுடையதா என்று அங்கேயே நின்று கேட்டுவிட்டு வருவது நல்லது.

வில்லங்கச் சான்று பற்றியும் ஒரு வார்த்தை. "ஈசி சுத்தமா இருக்கு" என்பது நம் ஊரில் ஒரு மந்திரம். சார் பதிவாளர் ஆபீசில் பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். சாவு அதில் வராது. பதிவு செய்யாத உயில் வராது, பதிவு செய்த உயிலே வேறு புத்தகத்தில் இருப்பதால் அதுவும் வராது.

மைனர் பங்கு

எட்டு மாதம் கழித்து மனைவி வீட்டை விற்றுவிட்டு அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்று நினைக்கிறாள். விலை பேசி அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. வாங்குபவர் பேங்க் லோன் போடுகிறார், அதனால் பத்திரங்கள் லீகல் ஒப்பீனியனுக்குப் போகின்றன. மூன்றாம் நாள் வக்கீலிடமிருந்து போன். "மேடம், ரெண்டு மைனர் இருக்காங்க. கோர்ட் பர்மிஷன் இருக்கா?"

அவளுக்குக் கோபம் வருகிறது. "என் பிள்ளைங்கதானே? நான்தானே கார்டியன்?"

கார்டியன்தான், சந்தேகமில்லை. 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி அப்பா இறந்த பிறகு அம்மாதான் இயற்கைக் காப்பாளர். பள்ளி, பாஸ்போர்ட், ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் அவள் கையெழுத்துப் போதும். சொத்து விஷயம் வேறு. அதே சட்டத்தின் 8ஆவது பிரிவு, மைனரின் வீடு, நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் கொடுக்கவோ, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. அப்பா உயிரோடு இருந்து, பிள்ளை பெயரில் சொத்து இருந்தாலும் இதே விதிதான். பாசத்தில் பச்சைக் குழந்தை பெயரில் மனை வாங்கிப் போடுபவர்கள் இதை யோசிப்பதில்லை. வாங்குவது சுலபம், பிள்ளைக்கு 18 ஆகும்வரை விற்பதுதான் கஷ்டம்.

அனுமதி இல்லாமல் விற்றால் என்ன ஆகும்? பத்திரம் அன்றைக்கே செல்லாமல் போகாது. பிள்ளை மேஜரான பிறகு வேண்டாமென்றால் தள்ளிவிடலாம், அதற்கு மூன்று வருடக் கெடு. அதாவது 21 வயதுவரை அந்த வீட்டை வாங்கியவர் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கும். அப்படித் தள்ள வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. மேஜரானவர் அதே சொத்தை இன்னொருவருக்கு விற்று, தன் செயலாலேயே பழைய விற்பனையை மறுத்துவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் கர்நாடக வழக்கு ஒன்றில் சொன்னது. வங்கி வக்கீல்கள் மைனர் என்றதும் பேனாவை மூடிவைத்துவிடுவது இதனால்தான்.

பெரியப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகவே ஆகாது. வீட்டுக்குப் பெரியவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் என்பதால் மட்டும் மைனர் சொத்தை விற்கும் உரிமை யாருக்கும் வராது என்று சட்டத்தின் 11ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது. பிரியாத கூட்டுக் குடும்பச் சொத்தைக் குடும்பத் தலைவர் விற்கும்போது மட்டும் விதி வேறு. இந்த வீடு அப்படிப்பட்டது இல்லை.

ஆக, சொத்து இருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்தில் மனு. கோர்ட் வட்டாரத்தில் இந்த மாதிரிக் காப்பாளர் மனுக்களை 'ஜி.டபிள்யூ.ஓ.பி.' என்பார்கள். நீதிபதி கேட்பது இரண்டு விஷயம்: மைனருக்கு இந்த விற்பனை அவசியமா, அல்லது கண்கூடான நன்மை உண்டா? "அம்மா வீட்டுப் பக்கம் போகணும்" என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கே பள்ளி, பாட்டியின் துணை, வாடகை மிச்சம், பிள்ளைகள் பங்குப் பணம் எங்கே போடப்படும் என்று கணக்காகச் சொல்ல வேண்டும். வழக்கமாக மைனர் பங்குத் தொகையைத் தேசிய வங்கியில் பிக்சட் டெபாசிட் போட்டு ரசீதைக் காட்டச் சொல்வார்கள். வட்டியைப் படிப்புச் செலவுக்கு எடுத்துக்கொள்ள அம்மாவை அனுமதிப்பதும் உண்டு. அலைச்சல்தான். ஆனால் அலைச்சல் என்பதற்காகவே இந்த விதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மறுகல்யாணம், கடன், மைத்துனர் வற்புறுத்தல் என்று ஏதோ ஒன்றுக்காகப் பிள்ளை பங்கு கரைந்துபோன வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

காப்பாளர் என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. சட்டத்தின் 6ஆவது பிரிவு "தந்தை, அவருக்குப் பின் தாய்" என்கிறது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கக் காப்பாளராகத் தன் கையெழுத்தைப் போட்டார். கணவருக்கும் சம்மதம். ரிசர்வ் வங்கி, அப்பா கையெழுத்து வேண்டும் என்றது. வழக்கு 1999 பிப்ரவரியில் முடிந்தது. "பின்" என்றால் அப்பா செத்த பின் என்று மட்டும் பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோது என்றும் பொருள் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. அப்பா வெளியூரில், கண்டுகொள்வதில்லை, அல்லது இருவரும் சேர்ந்து அம்மாவிடம் பொறுப்பை விட்டிருக்கிறார்கள் என்றால் அம்மாவே காப்பாளர். கல்யாணம் ஆகாமல் பெற்ற தாய், பிள்ளையின் தந்தைக்கு நோட்டீஸ் அனுப்பாமலே காப்பாளர் ஆகலாம் என்று 2015இல் இன்னொரு தீர்ப்பு. ஆனால் சட்டத்தில் அந்த "பின்" இன்னும் அப்படியேதான் அச்சாகியிருக்கிறது. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் படிப்பது அச்சில் உள்ளதைத்தான்.

விவாகரத்து வீடுகளில் கேட்கும் கேள்வி வேறு: பிள்ளை யாரிடம்? ஐந்து வயதுக்குள் சாதாரணமாக அம்மாவிடம் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல், அப்பா உரிமை அம்மா உரிமை எல்லாம் அப்புறம். பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பதும் யார் காப்பாளர் என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். ஒன்றில் ஜெயித்தவர் இன்னொன்றிலும் ஜெயித்ததாக அர்த்தமில்லை.

தாத்தா சொத்து

"தாத்தா சொத்து பேரனுக்கு" என்பதை நம் ஊரில் பழமொழி மாதிரி சொல்வார்கள். அப்பாவை இழந்த பிள்ளைகள் விஷயத்தில் இந்த நம்பிக்கை இன்னும் கெட்டியாகிவிடும். ஊரில் தாத்தாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறதே, பிள்ளைகளுக்கு அதில் உரிமை உண்டா?

நிலம் தாத்தா கையில் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. அவரே சம்பாதித்து வாங்கியது என்றால் அவர் இஷ்டம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவருடைய அப்பா 1956க்குப் பிறகு இறந்து, அவர் தேடிய சொத்து வாரிசு முறையில் இவருக்கு வந்தது என்றாலும் அது இவருடைய தனிச் சொத்தாகவே கருதப்படும் என்று 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1956க்கு முன்பிருந்தே தலைமுறையாகப் பிரிக்காமல் வந்த பூர்வீகம் என்றால் மட்டும்தான் பேரப் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே உரிமை. அப்படியானால் பேத்திக்கும் உண்டு. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்று கல்யாணம் ஆகாமல் இருந்த மகள்களுக்குச் சம பங்கு கொடுத்தது. 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்திய திருத்தம் கல்யாணம் ஆனவர்களையும் சேர்த்தது. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பெண்ணுக்கு அது பிறப்புரிமை என்று 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் முடிவானது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் டிக்ரியாலோ பாகம் பிரிந்திருந்தால் அதைக் கிளற முடியாது.

இளைய மகன் போன பயத்தில், தாத்தா ஒரு காரியம் செய்கிறார். "எங்களைப் பார்த்துக்கப் போறது பெரியவன்தான்" என்று நிலத்தையும் ஊர் வீட்டையும் மூத்த மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார். இது உயில் மாதிரி இல்லை. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், செத்த பிறகுதான் அது பேசும். செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிட்டது, மனம் மாறினால் தானாக ரத்து செய்ய முடியாது. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு இருப்பதால் செலவு குறைவு. அந்தச் சலுகைதான் பலரை அவசரப்பட வைக்கிறது.

அப்புறம் மகன் சோறு போடவில்லை என்றால்? 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்து, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ஏமாற்றி வாங்கியதாகக் கருதப்பட்டு ரத்தாகலாம். மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். நிபந்தனை இருந்தே ஆக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது பெரியவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம், அந்த நோக்கத்தோடு படிக்க வேண்டும் என்று கொஞ்சம் இளக்கியது. தீர்ப்பு இளகும் என்று நம்பி எழுதுவதைவிட, 'எங்கள் ஆயுள்வரை உணவு, வைத்தியம், இந்த வீட்டில் குடியிருப்பு ஆகியவற்றைத் தர வேண்டும்' என்ற ஒரு வரியைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை. பத்திரம் எழுதுபவர் தானாகக் கேட்க மாட்டார். மகன் பக்கத்தில் நிற்கும்போது அப்பாவும் சொல்ல மாட்டார்.

படுக்கையில் கிடந்தால்

சாவைப் பற்றியாவது பேசுகிறோம். இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நம் 42 வயதுக்காரர் இறக்காமல் கோமாவில் கிடந்திருந்தால்? "பவர் எழுதி வச்சிருக்கார், அதை வச்சு வித்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். முடியாது. பவர் கொடுத்தவர் இறந்தாலும், புத்தி சுவாதீனம் இழந்தாலும் பவர் முடிந்துபோகிறது. இது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு. எப்போது அது மிகவும் தேவைப்படுமோ அப்போதுதான் அது செத்துப்போகும். வாரிசுரிமையும் தொடங்காது, ஏனென்றால் ஆள் உயிரோடு இருக்கிறார். மனைவிக்குக் கணவர் கணக்கிலிருந்து ஆஸ்பத்திரி பில் கட்டக்கூட வழியில்லாமல் போகும்.

கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளரை நியமிக்க நம்மிடம் தனிச் சட்டம் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் இப்படித்தான் வந்தார். தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அவரையே கணவருக்குக் காப்பாளராக்கி, கணவர் சொத்தை விற்றுச் செலவு பார்க்க அனுமதித்தார்கள், ஒரு தொகையைக் கணவர் பெயரில் டெபாசிட்டில் போட்டுவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்த அலைச்சலில் பாதியையாவது குறைக்க எளிய வழி, கணவன் மனைவி பெயரில் கூட்டாக ஒரு வங்கிக் கணக்கு, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகையில்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொரு செய்தி. பிள்ளைக்கு 18 முடிந்ததும் அம்மா அப்பாவின் காப்பாளர் உரிமையும் முடிகிறது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில், மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுப் போட்டுத் தங்களையே சட்டப்படி காப்பாளராக நியமித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பக்க உயில்

இத்தனையிலும் பாதியை ஒரு பக்க உயில் தவிர்த்திருக்கும். வீட்டை மனைவிக்கு என்று அவர் எழுதியிருந்தால் ஜி.டபிள்யூ.ஓ.பி. இல்லை, அத்தையிடம் போய் நிற்க வேண்டியதில்லை, லீகல் ஒப்பீனியன் ஒரே நாளில் வந்திருக்கும். பிள்ளைகளை நினைத்து அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதலாம்தான், ஆனால் சேர்த்தால் மைனர் விதியும் கூடவே வரும். மனைவியை நம்புகிறவர் மனைவிக்கே எழுதுவது நல்லது என்பது என் கட்சி.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், கையாலேயே எழுதலாம். பதிவும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. கட்டாயமானது ஒன்றுதான்: எழுதியவர் கையெழுத்து, அதைப் பார்த்த குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. பின்னாளில் வழக்கு வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அதனால் 75 வயது நண்பரைச் சாட்சியாகப் போடாதீர்கள், உங்களைவிட இளையவராகப் பாருங்கள். உயிலில் சொத்து பெறப்போகிறவர் சாட்சி போடக் கூடாது. கிறிஸ்தவர் உயிலில் அப்படிப் போட்டால் அவருக்கு எழுதியதே செல்லாது, இந்து உயிலில் செல்லும் என்றாலும் சந்தேகத்துக்கு வாசல் திறந்துவிடும். யாரையாவது விட்டுவிட்டால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள்: 'மூத்த மகளுக்கு வீடு கட்ட ஏற்கெனவே பணம் கொடுத்திருப்பதால்' என்பது போல. முஸ்லிம்கள் வாரிசல்லாதவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

பிள்ளைகளுக்குக் காப்பாளரையும் உயிலில் சொல்லலாம். அப்பா ஒருவரைச் சொல்லிவிட்டு இறந்தால், அம்மா இருக்கும்வரை அம்மாதான். அம்மாவும் யாரையும் சொல்லாமல் போய்விட்டால் அப்பா சொன்ன பெயர் உயிர் பெறும். இருவரும் ஒரே காரில் பயணம் போகிற குடும்பங்கள் இதை யோசிக்கலாம்.

பெண்கள் உயில் எழுதுவது இன்னும் அவசியம். பிள்ளை இல்லாத இந்து விதவை தன் சம்பளத்தில் வாங்கிய சொத்துகூட, அவர் உயில் எழுதாவிட்டால், பெற்றவர்களுக்கு முன்னால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். 2009இல் உச்ச நீதிமன்றம் வரை வந்த வழக்கு ஒன்று: கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார், புகுந்த வீடு விரட்டிவிட்டது, பெற்றவர்கள் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போய்ச் சேர்த்தார். 1996இல் இறந்தபோது உயில் இல்லை. எல்லாம் கணவர் வழி உறவுக்குப் போனது. சட்டம் தெளிவாக இருக்கும்போது இரக்கம் காட்ட இடமில்லை என்றது தீர்ப்பு. 2025 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம், பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது.

நம் குடும்பத்துக்கு ஒரு வழியாகக் கோர்ட் அனுமதி வந்தது. அத்தை தன் கால் பங்கை மருமகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சம்மதித்தார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. "எனக்கெதுக்கு அது, புள்ளைங்க படிக்கட்டும்" என்றார். சார் பதிவாளர் ஆபீசில் டோக்கன் எண் கூப்பிட்டார்கள், அவர் போய்க் கேமராவுக்கு முகம் காட்டி விரல் வைத்தார். பெரியவர் காலையிலேயே சட்டைப் பையில் பேனாவோடு வந்திருந்தார். "நான் எங்கம்மா போடணும்?" என்று பத்திரம் எழுதும் பெண்ணிடம் கேட்டார்.

"உங்க கையெழுத்து தேவையில்ல ஐயா. உங்களுக்கு அதுல பங்கு இல்ல."

அவர் பேனாவை மூடப் போனார். அந்தப் பெண் ஒரு நிமிடம் அவரைப் பார்த்துவிட்டுப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "ரெண்டாவது சாட்சி இன்னும் வரல. நீங்க போடறீங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெயர், தகப்பனார் பெயர், ஊர், கதவு எண் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.